உதவிக் குறிப்பில் எழுத்துப்பிழை: லினக்ஸ் கெர்னல் திருத்தங்கள் குறித்து ஓர் ஆய்வு

லினக்ஸ் கெர்னலைத் தன் கணினிக்கேற்ப அமைத்துக்கொள்ள விரும்புகிறவர் முதலில் எதிர்கொள்வது ஒரு நீண்ட கேள்விப் பட்டியலை. இந்த நெட்வொர்க் கார்டுக்கான டிரைவர் வேண்டுமா, அந்த ஒலி அட்டைக்கானது வேண்டுமா என்று கெர்னல் கேட்டுக்கொண்டே போகும். பெரும்பாலான டிரைவர்களுக்கு ஒய், எம், என் ஆகிய மூன்று விடைகளில் ஒன்றைத் தர வேண்டும். ஒய் என்றால் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேரும். எம் என்றால் தனி மாட்யூலாகத் தயாராகி, தேவைப்படும்போது ஏற்றப்படும். என் என்றால் அது இல்லவே இல்லை. இப்படிப்பட்ட தேர்வுகள் இன்றைய கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளன. விடை தெரியாதவருக்கு பெரும்பாலான கேள்விகளின் பின்னால் ஒரு சிறு பத்தி இருக்கிறது. அதுதான் உதவிக் குறிப்பு.

அந்தப் பத்தியில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்துவது வீண் வேலையா, தேவையான பணியா என்பது கெர்னல் உலகில் நெடுங்காலமாக நடக்கும் வாதம். எழுத்துத் திருத்தம் அனுப்பிப் பேர் வாங்கப் பார்க்கிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆவணத்தில் உள்ள பிழையும் பிழைதானே என்று சிலர் வாதிடுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் பிழை யாரை எப்படிப் பாதிக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் இந்த வழக்கைத் தீர்த்துவிட முடியும் என்பது என் எண்ணம்.

குறிப்புகள் எங்கே குடியிருக்கின்றன

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய 2.4 வரிசைக் கெர்னலில் எல்லா உதவிக் குறிப்புகளும் 'கான்ஃபிகர்.ஹெல்ப்' என்ற ஒரே கோப்பில் இருந்தன. பல்லாயிரம் வரிகள் கொண்ட கோப்பு அது. டிரைவரை எழுதுபவர் ஓரிடத்திலும், அதை விளக்கும் பத்தி வேறிடத்திலும் இருந்ததால், டிரைவர் மாறிய பின்பும் குறிப்பு பழையபடியே கிடக்கும். அமைவு முறையையே மாற்ற வேண்டும் என்று எரிக் ரேமண்ட் 'சிஎம்எல்2' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டில் ரோமன் ஸிப்பெல் எழுதிய 'கேகான்ஃபிக்' முறை கெர்னலில் சேர்ந்தது. அன்று முதல் அந்தந்த அடைவிலேயே தனித்தனி கேகான்ஃபிக் கோப்பு உண்டு. தேர்வின் பெயர், அதன் வகை, அது எதைச் சார்ந்தது, உதவிக் குறிப்பு எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் சேர்ந்தே இருக்கின்றன.

இந்த மாற்றத்தால் எழுத்துத் திருத்தத்தின் பாதையும் மாறியது. முன்பு ஒரே கோப்புக்கு ஒரே பொறுப்பாளர். இப்போது குறிப்பு எந்தத் துணைப்பிரிவில் இருக்கிறதோ, அந்தப் பிரிவின் பராமரிப்பாளர் ஒவ்வொரு திருத்தத்தையும் பார்த்து ஏற்க வேண்டும். யாரிடம் அனுப்புவது என்று சொல்லவே 'கெட்_மெயின்டெய்னர்' என்ற ஸ்கிரிப்ட் கெர்னலோடு வருகிறது.

ஒரு நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இன்டெல் நிறுவனத்தின் 'இ100' டிரைவரை எடுத்துக்கொள்ளலாம். புரோ/100 வகை நெட்வொர்க் கார்டுகளுக்கானது இது. உங்கள் கார்டு இதில் சேருமா என்று அறிய, கார்டின் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடு லேபிளைப் பாருங்கள் என்கிறது குறிப்பு. ஆறு இலக்கம், ஒரு இணைப்புக்குறி, பிறகு மூன்று இலக்கம் என்ற அமைப்பில் அந்த எண் இருக்கும் என்றும் விளக்குகிறது. மாட்யூலாகத் தொகுக்க எம் தேர்ந்தெடுங்கள், மாட்யூலின் பெயர் இ100 என்று முடிகிறது. கார்டைக் கையில் வைத்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். இத்தகைய பத்தியில் ஒரு எழுத்தோ எண்ணோ தவறினால் என்ன ஆகும் என்பதிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்க வேண்டும்.

பிழைகளின் வகைகள்

எல்லா எழுத்துப்பிழையும் ஒரே தரம் அன்று. கேகான்ஃபிக் கோப்புகளில் காணப்படுபவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வெறும் எழுத்துப் பிசகு. 'ரிசீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஐ, ஈ இரண்டும் இடம் மாறுவது, 'செபரேட்' என்பதன் நடுவில் ஏ வர வேண்டிய இடத்தில் ஈ வருவது, 'அக்கர்டு' என்பதில் இரண்டு ஆர் தேவைப்படும் இடத்தில் ஒன்றே நிற்பது ஆகியவை இதில் அடங்கும். வாசகருக்குப் பொருள் விளங்கிவிடும். ஆனாலும் கேடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உலகெங்கும் கெர்னல் தொகுப்பவர்களில் ஏராளமானோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. புரியாத சொல்லை அகராதியில் தேடுபவருக்குப் பிழையான வடிவம் அகப்படாது. திரைவாசிப்பான் துணையோடு படிக்கும் பார்வையற்றவரின் காதில் அந்தச் சொல் சிதைந்து விழும்.

இரண்டாவது, இரட்டிப்பும் விடுபடலும். ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வருவது மிகப் பரவலானது. வரியின் கடைசியில் ஒன்றும் அடுத்த வரியின் தொடக்கத்தில் ஒன்றுமாக நின்றால் கண்ணுக்கே தெரியாது. விடுபடல் இதைவிட மோசமானது. 'இல்லை' என்னும் பொருள் தரும் சிறு சொல் ஒன்று விடுபட்டால் குறிப்பு நேரெதிரான அறிவுரையாகிவிடும்.

மூன்றாவது, சரியான எழுத்துகளில் அமைந்த தவறான சொல். 'சூஸ்' என்ற நிகழ்காலச் சொல்லில் ஒரு ஓ குறைந்தால் அது இறந்தகாலமாகும். எழுத்து சரிபார்க்கும் மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஏனென்றால் அதுவும் அகராதியில் இருக்கும் சொல்தான்.

நான்காவது வகைதான் பயனரை நேராகத் தாக்குவது: பெயர்ப்பிழை. புதிதாக டிரைவர் எழுதுபவர் பக்கத்து டிரைவரின் குறிப்பை நகலெடுத்து மாற்றுவது வழக்கம். மாட்யூலின் பெயரை மாற்ற மறந்துவிட்டால் அண்டை டிரைவரின் பெயரே குறிப்பில் நிற்கும். எம் தேர்ந்தெடுத்து, கெர்னலைத் தொகுத்து, கணினியை மறுபடி தொடங்கி, குறிப்பு சொன்ன பெயரை, மாட்யூலை ஏற்றும் 'மோட்ப்ரோப்' கட்டளைக்குக் கொடுத்தால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று பதில் வரும். அல்லது வேறொரு மாட்யூல் ஏறும். சிப்பின் எண்ணில் ஒரு இலக்கம் மாறுவதும், செயலிழந்த இணைய முகவரியும் இதே இனம். 2020இல் கெர்னல் முழுவதும் பழைய முகவரிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றும் பணி நடந்தது.

ஐந்தாவது வகை உதவிப் பத்திக்கு வெளியே, அதே கோப்பில் சில வரிகள் மேலே நிகழ்வது. ஒரு தேர்வு இன்னொன்றைச் சார்ந்தது என்று அறிவிக்கும் வரியில் பெயர் பிசகினால் கேகான்ஃபிக் பொதுவாகக் கூச்சல் போடுவதில்லை. இல்லாத பெயருக்கு 'என்' என்று மதிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்த டிரைவர் பட்டியலில் யார் கண்ணிலும் படாது. தேர்வுப் பெயரை நிபந்தனையாக வைத்து வரிகளைத் தொகுக்கும் சி நிரலிலும் இதே கதை. 2009இல் கெர்னலில் திருத்தப்பட்ட ஒரு பிழை இதற்கு நல்ல சான்று. 'ஹாட்பிளக்_சிபியு' என்று இருக்க வேண்டிய தேர்வுப் பெயர் 'சிபியு_ஹாட்பிளக்' என்று முன்பின்னாக எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒரு தேர்வே இல்லாததால், அந்த நிபந்தனைக்குள் இருந்த வரிகள் தொகுக்கப்படவே இல்லை. ஓடும் கணினியிலிருந்து ஒரு செயலியை விலக்கும்போது விடுவிக்க வேண்டிய நினைவகம், குறிப்பிட்ட ஓர் அமைப்பில் விடுபடாமல் கசிந்தது. கம்பைலருக்கு இது குற்றமாகவே தெரியாது. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய முரண்களைத் தானாகத் தேடும் கருவியை உருவாக்கி 2011இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். இன்று கெர்னலோடு வரும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், எங்கும் வரையறுக்கப்படாத பெயர்களைத் தேடிப் பட்டியலிடுகிறது.

முதல் மூன்று வகைகளை வைத்துப் பார்ப்பவர் திருத்தத்தை அற்பம் என்கிறார். கடைசி இரண்டை வைத்துப் பார்ப்பவர் அவசியம் என்கிறார். வாதம் தீராமல் இழுபடுவதற்கு இதுவே காரணம்.

தேடும் கருவிகள்

கணினியைக் கொண்டு எழுத்துப்பிழை தேடுவது புது முயற்சி அன்று. பெல் ஆய்வகத்தில் 1970களிலேயே யூனிக்ஸுக்காக 'டைப்போ' என்ற நிரல் எழுதப்பட்டது. மூன்று மூன்று எழுத்துகளாகச் சேர்த்து, எந்தச் சேர்க்கை அபூர்வமாக வருகிறது என்று எண்ணிச் சந்தேகத்துக்குரிய சொற்களை அது வரிசைப்படுத்தியது. பிறகு டக்ளஸ் மெக்கில்ராய் அகராதியை அடிப்படையாகக் கொண்ட 'ஸ்பெல்' நிரலை மேம்படுத்தினார்.

அகராதி முறை கட்டுரைக்குப் பொருந்தும். நிரலுக்குப் பொருந்தாது. கேகான்ஃபிக் கோப்பில் பாதிச் சொற்கள் சிப்புகளின் பெயர்கள், சுருக்கங்கள், மாட்யூல் பெயர்கள். அகராதியோடு ஒப்பிட்டால் அவை எல்லாமே பிழையாகத் தெரியும். எனவே 'கோட்ஸ்பெல்' என்ற கருவி தலைகீழான வழியைப் பிடித்தது. சரியான சொற்களின் பட்டியலை விட்டுவிட்டு, மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியலை அது வைத்துக்கொள்கிறது. கெர்னலின் 'ஸ்பெல்லிங்.டெக்ஸ்ட்' கோப்பும் அவ்வகையே. டெபியனின் 'லின்டியன்' கருவியிலிருந்து பெற்று, பொய்யாக எச்சரித்த சொற்களை நீக்கி, கெர்னலில் அகப்பட்ட பிழைகளைச் சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். இடப்புறம் பிழை, நடுவில் இரண்டு செங்குத்துக் கோடுகள், வலப்புறம் திருத்தம் என ஒவ்வொரு வரியும் இருக்கும். புதிய பேட்சை, அதாவது அனுப்பப்படும் திருத்தக் கோப்பைச் சோதிக்கும் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்ட் இந்தப் பட்டியலைப் பார்த்து எச்சரிக்கிறது.

இதன் பலன் பெரிது. ஒரு பிழையைத் திருத்துபவர் அதைப் பட்டியலிலும் சேர்த்துவிட்டால், அதே பிழையோடு அடுத்து வரும் பேட்ச் வாசலிலேயே சுட்டிக்காட்டப்படும். ஒரு முறை செய்த வேலை பல முறைக்கு உதவுகிறது. ஆனால் கருவியின் பார்வை முதல் வகையைத் தாண்டி அதிக தூரம் போகாது. தவறான மாட்யூல் பெயரை எந்தச் சொற்பட்டியலாலும் பிடிக்க முடியாது. அதற்கு ஒருவர் அருகில் உள்ள, தொகுப்பு விதிகளைக் கொண்ட மேக்ஃபைலைத் திறந்து, அங்கே உண்மையில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு எழுத்தின் பயணம்

ஒரு எழுத்தை மாற்ற எவ்வளவு உழைப்பு தேவை? திருத்துபவர் கெர்னலின் அண்மை வடிவைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி மூலம் எடுக்கிறார். கோப்பில் எழுத்தை மாற்றுகிறார். உதவிப் பத்தியின் முடிவைக் கேகான்ஃபிக் வரியின் தள்ளலைப் பார்த்தே அறிகிறது என்பதால் இங்கே கவனம் தேவை. ஒரு டேப்பும் இரண்டு இடைவெளியும் என்பது வழக்கமான தள்ளல். ஒரு வரி மட்டும் இடப்புறம் நகர்ந்துவிட்டால் பத்தி அங்கேயே முடிந்துவிட்டதாக எண்ணி, மீதியைக் கட்டளையாகப் படிக்க முயன்று கேகான்ஃபிக் தடுமாறும். ஆகவே மாற்றிய பிறகு 'மேக் மெனுகான்ஃபிக்' கட்டளையை ஓட்டி, அந்தக் குறிப்பைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

பிறகு செக்பேட்ச் சோதனை. எந்தத் துணைப்பிரிவு, எந்த டிரைவர், என்ன மாற்றம் என்று தலைப்பு வரியில் எழுத வேண்டும். கடைசியில் திருத்துபவரின் பெயரோடு ஒப்புதல் வரி வர வேண்டும். இது என் படைப்பு, இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்னும் அந்த உறுதிமொழி 2004 முதல் கெர்னலில் வழக்கில் உள்ளது. ஓர் எழுத்துக்கும் ஓராயிரம் வரிக்கும் ஒரே உறுதிமொழிதான். பேட்ச் மின்னஞ்சலில் பராமரிப்பாளரிடம் போகிறது. அவர் படித்து, ஏற்று, தன் கிளையில் சேர்த்து, அடுத்த வெளியீட்டுக்கு அனுப்புகிறார். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு முறை கெர்னல் வெளியாகிறது.

புதியவர்களுக்கு இந்தப் பயணமே ஒரு பள்ளி. நிரலில் கை வைக்காமல், எதையும் உடைக்கும் அச்சமில்லாமல், கிட் முதல் மறுபரிசீலனை வரை முழு வழியையும் ஒரு முறை நடந்து பார்த்துவிடலாம். சிறு திருத்தங்கள் பங்களிப்பைத் தொடங்க ஏற்ற வழி என்று கெர்னலின் ஆவண வழிகாட்டியே ஊக்குவிக்கிறது. தன் மாற்றம் உண்மையிலேயே மேம்பாடுதானா என்று யோசித்துப் பார்க்கும்படியும் அது அறிவுறுத்துகிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்து முறைகள் இரண்டும் ஏற்புடையவை, ஒன்றை மற்றொன்றாக மாற்றாதீர்கள் என்றும் சொல்கிறது.

எதிர்ப்பின் நியாயம்

சலித்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களின் தரப்பையும் கேட்க வேண்டும். ஓர் எழுத்துத் திருத்தமானாலும் அவர் அதைத் திறந்து, படித்து, முடிவெடுத்தாக வேண்டும். அந்த நேரம் வேறொரு சிக்கலான பேட்சுக்குப் போயிருக்க வேண்டியது. பயன்பாட்டில் இருக்கும் பழைய வெளியீடுகளுக்கான நிலைத்த கிளைகளின் விதிகள், எழுத்துத் திருத்தம் போன்ற சில்லறை மாற்றங்களுக்கு அங்கே இடமில்லை என்று தெளிவாகவே சொல்கின்றன. புதிய கிளையில் ஒரு வரி மாறி, பழைய கிளையில் மாறாமல் இருந்தால், பின்னால் வரும் முக்கியமான பேட்ச் அந்த வரியில் ஒட்டாமல் போகக்கூடும்.

எண்ணிக்கை ஆசையும் ஒரு நோய். திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020ஆம் ஆண்டு, சட்டைப் பரிசுக்காகப் பலர் கண்ட கண்ட திட்டங்களுக்கெல்லாம் பொருளற்ற திருத்தங்களை அனுப்பிக் குவித்தார்கள். பராமரிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே பங்கேற்கலாம் என்று விதி மாற்றப்பட்டது.

இதைவிடக் கனமான கவலை, நம்பிக்கை பற்றியது. சிறு மாற்றம்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது ஆபத்து. 2024இல் 'எக்ஸ்ஸெட்' என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் வெளிப்பட்ட பின்கதவுச் சதியில் கவனிக்க வேண்டிய ஒரு துணுக்கு உண்டு. 'லேண்ட்லாக்' என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரலுக்குள் தனியாக ஒரு முற்றுப்புள்ளி நுழைக்கப்பட்டிருந்தது. அதனால் சோதனை நிரல் ஒருபோதும் தொகுபடாது. வசதி இல்லை என்று முடிவாகும். பாதுகாப்பும் சத்தமில்லாமல் அணைந்துவிடும். தட்டச்சுப் பிழை போலத் தோற்றமளித்த புள்ளி அது. ஒரு எழுத்து மாற்றத்தையும் முழுக் கவனத்தோடு படித்தாக வேண்டும் என்பதே இதன் பாடம். அப்படியானால் அந்தக் கவனத்தைக் கோருபவர் தகுந்த காரணத்தோடு கோர வேண்டும்.

தொட முடியாத பிழைகளும், தொட்டால் நகரும் மொழிபெயர்ப்பும்

சில பிழைகள் நிலைத்துவிட்டன. யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பின் பெயரில் கடைசி ஈ கிடையாது. இணைய உலாவி அனுப்பும் 'ரெஃபரர்' தலைப்பில் ஒரு ஆர் குறைவு. 1996இல் வெளியான ஹெச்டிடிபி ஆவணத்திலேயே அப்படிப் பதிந்துவிட்டது. கோடிக்கணக்கான நிரல்கள் அந்தப் பிழையான வடிவை நம்பியிருப்பதால் இனி மாற்ற வழியில்லை. கேகான்ஃபிக்கிலும் இந்தக் கோடு உண்டு. தேர்வின் பெயரில் உள்ள பிழையைத் திருத்தினால், பழைய பெயரோடு பயனர்கள் சேமித்து வைத்திருக்கும் அமைவுக் கோப்பு அந்த விடையை இழக்கும். உதவிப் பத்தியை மட்டும் எந்த நிரலும் நம்பியிருக்கவில்லை. அதைத் திருத்த என்றைக்கும் வழி திறந்தே இருக்கிறது. திருத்தாமல் விடுவதற்கு அங்கே சாக்கு குறைவு.

மொழிபெயர்க்கப்படும் மென்பொருளில் நிலைமை வேறு. 'கெட்டெக்ஸ்ட்' முறையில் ஆங்கில வாக்கியமே சாவி. அதில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு 'ஃபஸி' என்று ஐயக்குறி பெறும். சரிபார்க்கப்படும் வரை பயனருக்கு அது காட்டப்படாது. ஜிநோம், கேடிஇ திரைகளைத் தமிழாக்கும் தன்னார்வலர்கள் இதை நன்கு அறிவார்கள். தமிழ்த் திரையின் நடுவே திடீரென ஒரு வரி ஆங்கிலத்தில் நின்றால், எங்கோ ஒருவர் ஆங்கில மூலத்தில் ஒரு எழுத்தைத் திருத்தியிருக்கக்கூடும். பொருள் மாறாதபோது எல்லா மொழிக் கோப்புகளிலும் சாவியைச் சேர்த்தே மாற்றி, ஐயக்குறி விழாமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். கேகான்ஃபிக்கிலும் ஒரு காலத்தில் மொழிபெயர்ப்பு வசதி இருந்தது. 2018இல் அது நீக்கப்பட்டது. எனவே உலகம் முழுவதும் இன்று அந்தக் குறிப்புகளை ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். இருக்கும் ஒரே மொழியாவது பிழையின்றி இருப்பது அதனால் இன்னும் அவசியமாகிறது.

தீர்ப்பு

கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் தன் நூல்களில் முதன்முதலில் பிழை கண்டு சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை தரும் வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் காத்தவர். அச்சுப்பிழைக்கும் அதே தொகைதான். வாசகர் நம்பிப் படிக்கும் பக்கத்தில் சிறிய பிழை, பெரிய பிழை என்ற பேதம் இருக்கக் கூடாது என்ற மதிப்பு அதில் இருக்கிறது. அந்த மதிப்பு கெர்னலின் உதவிக் குறிப்புக்கும் உரியது. ஒரு டிரைவரின் ஆயிரக்கணக்கான நிரல் வரிகளைப் படிக்கப்போவது சிலர்தான். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர்கள் எல்லோரும் படிப்பது அந்தப் பத்தியை மட்டுமே.

ஆகவே உதவிக் குறிப்பைத் திருத்துவது தேவையான பணி. அதைச் செய்யும் முறையில்தான் தரம் இருக்கிறது. ஒரு கோப்பில் ஒரு பிழை கண்டவர் அந்தக் கோப்பு முழுவதையும் படித்து எல்லாவற்றையும் ஒரே பேட்சில் சேர்க்க வேண்டும். எழுத்தைத் திருத்தும்போதே மாட்யூலின் பெயரையும் சிப்பின் எண்ணையும் இணைய முகவரியையும் சரிபார்க்க வேண்டும். பரவலான பிழையென்றால் அதைப் பிழைப்பட்டியலிலும் சேர்க்க வேண்டும். பழைய நிலைத்த கிளைகளுக்கு அனுப்பக் கூடாது. பராமரிப்பாளர்களும் தம் பங்குக்குப் புதிய டிரைவரை ஏற்கும்போது நிரலைப் படிக்கும் அதே கண்ணால் குறிப்பையும் படித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

இதைப் படிக்கும் கணினி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மடிக்கணினியில் எந்த வைஃபை சிப் இருக்கிறது என்று பாருங்கள். கெர்னல் மூலத்தில் அதன் டிரைவருக்கான கேகான்ஃபிக் கோப்பைத் திறந்து, உதவிக் குறிப்பை வரி வரியாகப் படியுங்கள். அது சொல்லும் மாட்யூல் பெயரை மேக்ஃபைலோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் ஒரு டிரைவரைப் பற்றித் தெரிந்துகொண்டீர்கள். தவறாக இருந்தால் திருத்தி அனுப்புங்கள். அந்தப் பொருளைக் கையில் வைத்திருக்கும் உங்களைவிட அதைச் சரிபார்க்கத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை.